கிறேஸக்கா வீட்டு வைஃபை

கத்தரினக்கா பொய் சொல்லமாட்டார் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். மன்னார்க் கரையில் எங்கள் ஓலைத்தொடுவாயில் அவரைப்போல முகம் மாறாமல் பொய் சொல்லக்கூடிய ஆள் வேறு கிடையாது. மீன் எடுக்க வருகிற முதலாளியிடம், "இப்பத்தான் ஒருத்தர் கூட விலைக்குக் கேட்டுட்டுப் போறார்" என்பார். அப்படி ஒருவரும் வந்திருக்கமாட்டார். அடுத்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் ஒளிந்து நின்றால், "காய்ச்சல் ரீச்சர், அனலாக் கொதிக்குது" என்பார். தனக்கென்று அவர் சொன்ன பொய் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்கள். கத்தரினக்கா ஆயிரம் பொய் சொல்லி ஒரு தகப்பனையும் மகளையும் ஒட்டவைக்கப் பார்த்தார். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். இடையில் எனக்குக் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சந்தியில் சின்னதாக ஒரு கொமினிகேசன் நடத்துகிறேன். போட்டோக் கொப்பி எடுப்பேன், போனுக்குக் காசு போடுவேன், விண்ணப்பங்கள் அடித்துக் கொடுப்பேன். கம்பியூட்டரை ஏதோ கொஞ்சம் படித்தேன், மிச்சத்தைக் கைபோன போக்கில் கற்றுக்கொண்டேன். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை அல்லவா? யாருடைய போன் இறுகி நின்றாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். கத்தரினக்காவும் அப்படித்தான் வந்தார்.

அதற்கு முன்னால் அவருடைய வீட்டு நிலைமையைச் சொல்லவேண்டும். கத்தரினக்காவும் புருஷன் பிலிப்பு அண்ணையும் தொண்ணூறில் வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனவர்கள். மண்டபம் முகாமில்தான் அவர்களுடைய ஒரே பிள்ளை ஜூலியட் பிறந்தாள். அங்கேயே படித்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே ஒருவனை விரும்பினாள். பெயர் சுபாஸ்கரன். பாப்பாமோட்டையில் வயல் செய்துகொண்டிருந்து அகதியாகப் போன சைவக் குடும்பத்துப் பொடியன். நல்ல பிள்ளை. ஆனால் மாதா கோயிலில் கைப்பிடிக்கவில்லை, பதிவுக் கந்தோர் எழுத்தோடு முடித்துக்கொண்டார்கள். பிலிப்பு அண்ணைக்கு மகளை வெறுக்க அது போதும். சண்டை முடிந்து ஊர் திரும்பலாம் என்று வந்தபோது, "நான் கட்டினவரோட இங்கேயே இருக்கிறன் அப்பா" என்று ஜூலியட் சொல்லிவிட்டாள். பிலிப்பு அண்ணை அவளுடைய படத்தைக்கூடத் தூக்காமல் வந்து இறங்கினார். அதன்பிறகு ஒன்பது வருஷம் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

கடலில் நல்ல தொழில்காரர், கோபக்காரர். கோபம் வந்தால் வாய் பேசாது, கை பேசும். ஆளை அடிக்கமாட்டார். மேசையில் அடிப்பார், கதவில் அடிப்பார். ஜூலியட் சின்ன வயதில் அந்தச் சத்தத்தைக் கேட்டாலே கட்டிலுக்குக் கீழே போய்விடுவாளாம்.

இந்த ஒன்பது வருஷமும் கத்தரினக்கா போனில் மகளுக்குச் சொன்னது ஒரே கதைதான். "அப்பா உன்னைக் கேட்டவர். சாப்பிட்டவளோ, சுகமோ எண்டு கேட்டவர்." பேத்தி பிறந்தபோது, "அப்பா அழுதுபோட்டார் பிள்ளை, சந்தோசத்தில" என்றார். பிலிப்பு அண்ணை அந்த நேரம் வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தார், தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "போனை அவர்ட்ட குடுங்கம்மா" என்று ஜூலியட் கேட்டால், "கடலுக்குப் போட்டார்" என்பார். ஒருநாள் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருந்து பிலிப்பு அண்ணை, "ஆரோட அலம்பிக்கொண்டு நிக்கிறாய்? சோத்தைப் போடு" என்று கத்திவிட்டார். அது அந்தப் பக்கத்தில் ஜூலியட்டுக்கும் கேட்டது. அன்றிலிருந்து அவள் அப்பாவைக் கேட்பதையே விட்டுவிட்டாள். கத்தரினக்கா சொல்வதை மட்டும் விடவில்லை.

போன வருஷம் பிலிப்பு அண்ணையின் தொண்டையில் கட்டி வந்தது. ஒப்பரேசன் செய்து, மூச்சு விடக் கழுத்தில் குழாய் வைத்து அனுப்பினார்கள். உயிர் கொஞ்சம் மிஞ்சியது, குரல் போய்விட்டது. பேச மனமில்லாமல் இருந்த மனிதர் பேச முடியாத மனிதராகிவிட்டார்.

அடுத்த வீடு கிறேஸக்காவின் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு தகர வேலி. கிறேஸக்காவின் மகன் கட்டாருக்குப் போகும்போது, அம்மாவின் முகத்தைப் பார்க்கவென்று வீட்டில் வைஃபை பூட்டிவிட்டுப் போனான். "உந்தப் பெட்டியில மட்டும் கை வைச்சுப்போடாதேங்கோ" என்று ஆயிரம் தரம் சொல்லிவிட்டுத்தான் போனான். கிறேஸக்கா நல்ல மனுஷி. தான் இருவேளை தின்றால் ஒருவேளையைக் கத்தரினக்கா வீட்டுக்கு அனுப்புகிறவர். வைஃபையின் பாஸ்வேர்ட்டையும் அப்படித்தான் கடதாசியில் எழுதி வேலிக்கு மேலால் நீட்டினார். கத்தரினக்காவின் பெறாமகன், தமக்கையின் பிள்ளை ஜெனோஜன், கனடாவில் இருந்து மடுத் திருவிழாவுக்கு வந்தபோது தன்னுடைய பழைய லப்டொப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அதில்தான் பிலிப்பு அண்ணையும் கத்தரினக்காவும் ஞாயிற்றுக்கிழமைப் பூசை பார்ப்பார்கள். கோயிலுக்கு நடக்க அவருக்கு இயலாது.

அப்படி இருக்கும்போது கிறேஸக்காவின் மாமியார் செத்துப்போனார். வயதான மனுஷி. வெளிநாட்டில் இருந்த மூத்த மகன் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அவன் விமானநிலையத்தில் இருந்து நேரே சேமக்காலைக்குப் போய், ஈரமண்ணைக் கிளறிக்கொண்டு, "ஒருக்காத் திறந்து காட்டுங்கோ" என்று கத்தினானாம். அதைப் பிலிப்பு அண்ணைக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேட்டுக்கொண்டே இருந்தவர் எழுந்து வந்து, அடுப்படியில் நின்ற கத்தரினக்காவின் தோளில் தட்டினாராம். கடல் பக்கமாகக் கையைக் காட்டினாராம். பிறகு பெருவிரலையும் சின்னவிரலையும் காதுக்குக் கிட்ட வைத்துக் காட்டினாராம்.

கத்தரினக்கா செருப்புக்கூடப் போடாமல் என் கடைக்கு ஓடிவந்தார்.

"பிள்ளை, அவர் கேட்டவர். ஜூலியட்டைக் கேட்டவர். மெய்யாத்தான் கேட்டவர், இந்தமுறை பொய்யில்லை!"

முதல்முறையாக அந்த மனுஷியின் கையில் ஒரு உண்மை அகப்பட்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கடை வாசலில் முன்னும் பின்னும் நடந்தார்.

இனித்தான் என் வேலை. குரல் இல்லாத மனிதருக்கு வெறும் போன் எதற்கு? முகம் தெரியவேண்டும். என்னுடைய போனில் அந்த ஒழுங்கைக்குள் சிக்னல் அரையும் குறையும், குரல் வரும், படம் உறைந்துபோய் நிற்கும். அவருக்குக் கண்ணும் மங்கல், பெரிய திரை வேண்டும். ஆகவே லப்டொப்தான், கிறேஸக்கா வீட்டு வைஃபைதான். ஒரு வீடியோ எடுத்து அனுப்புவோமா என்று கேட்டேன். பிலிப்பு அண்ணை வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். தான் தெரிவது அவருக்குப் பெரிதில்லை, மகளைத் தான் பார்க்கவேண்டும். என் கடைக்கு ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போகலாம் என்றால், மணல் ஒழுங்கையில் ஓட்டோ குலுங்கினால் குழாயால் இரத்தம் வரும்.

நேரத்திலும் ஒரு இக்கட்டு இருந்தது. ஜூலியட்டிடம் அப்படிப்பட்ட போன் இல்லை, சுபாஸ்கரனிடம்தான் இருக்கிறது. அவன் பெயின்ற் அடிக்கப் போய்விட்டு இருட்டும் நேரத்தில் வீட்டுக்கு வருவான். வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு இரவுக் காவலுக்குப் போய்விடுவான். போனும் அவனோடு போய்விடும். ஞாயிறு, பெருநாள் எதுவும் கிடையாது. அவன் வீட்டில் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் எங்களுக்குக் கிடைத்த நேரம்.

முதல்நாள் பின்னேரம் நான் போய் லப்டொப்பைத் திறந்து வைத்தேன். படம் அச்சொட்டாக வந்தது. ஜூலியட், மடியில் அவளுடைய மகள் அபிசா.

"அம்மா, தெரியுதா? நல்லாத் தெரியுதா?"

"தெரியுது பிள்ளை. பொறு, பொறு, அப்பா வாறார். உன்னோட கதைக்க வாறார்."

ஜூலியட்டின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இந்தப் பேச்சை அவள் ஒன்பது வருஷமாகக் கேட்கிறாள். கத்தரினக்கா உள்ளே போய், சவரம் செய்து வெள்ளைச் சட்டை போட்டிருந்த பிலிப்பு அண்ணையைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். குழாய் தெரியாமல் கழுத்தில் துவாய் சுற்றியிருந்தார். அறைக்கும் கதிரைக்கும் இடையில் அவர் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கவேண்டும். அவர் கதிரையில் வந்து குந்தியபோது ஜூலியட்டின் படம் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. பிறகு அதுவும் போய்விட்டது. வைஃபையையே காணவில்லை.

நான் எழும்பி கிறேஸக்கா வீட்டுப் பக்கம் பார்த்தேன். லைட் எல்லாம் எரிகிறது. அப்படியென்றால் கரண்ட் இருக்கிறது, ரவுட்டரும் வேலை செய்கிறது, பழுது எங்கள் பக்கத்தில்தான். அப்படித்தான் கணக்குப் போட்டேன். வேலியடியில் போய் நின்றேன். உள்ளே செபமாலை சொல்கிறார்கள். இங்கே செத்தவீடு என்றால் முப்பத்தோராம் நாள் வரைக்கும் ஒவ்வொரு பின்னேரமும் ஊர் கூடிச் செபமாலை சொல்லும். ஒரு வீடு நிறையச் சனம் முழங்காலில் நிற்கும்போது, "உங்கட ரவுட்டரை ஒருக்காப் பாக்கவோ" என்று யாராவது உள்ளே போவார்களா? நானும் போகவில்லை. வேலியடியிலேயே நின்று நானும் அவர்களோடு செபமாலையில் ஒரு பத்துமணியைச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

காலையில் போய்ப் பார்த்தேன். ரவுட்டர் பச்சை விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"கிறேஸக்கா, இந்தப் பெட்டியில ஏதும் கை வைச்சனீங்களோ?"

"ஐயோ இல்லைப் பிள்ளை. மாதாமேல சத்தியம். அவன் போன நாள் தொடக்கம் தூசுகூடத் தட்டினதில்லை."

சத்தியத்துக்கு மேல் என்ன கேட்பது? லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு மன்னார் ரவுனுக்குப் போனேன். கம்பியூட்டர் திருத்துகிற பைறூஸ் நானாவின் கடையில் கொடுத்தேன். அவர் அதை ஒரு பகல் முழுக்கத் தன் கடை வைஃபையில் ஓடவிட்டார்.

"தங்கச்சி, மெசினுக்கு ஒரு வருத்தமும் இல்ல. சிக்னல் காணாது போல. இந்த அன்ரெனாவக் குத்திப் பாருங்க. பற்றரிய மிச்சம்பிடிக்கிறதுக்கு வைஃபை தானாத் தூங்கிப் போகும், அதையும் நிப்பாட்டி விட்டிருக்கன்."

கொண்டுவந்து மேசையை ஜன்னலோடு இழுத்துப் போட்டேன். அன்ரெனாவைக் குத்தினேன். பகலில் படம் தண்ணீர் மாதிரி ஓடியது. பின்னேரம் ஜூலியட் வந்தாள், பேசினாள், "அப்பா வாறார்" என்றோம், போய்விட்டது. அடுத்தநாள் வேலித் தகரத்தில் நான்கைக் கழற்றினேன். தகரம் சிக்னலை மறைக்கும். கிறேஸக்காவே வந்து மற்றப் பக்கம் பிடித்துத் தந்தார். போய்விட்டது. வேம்பின் கிளையை வெட்டினோம். லப்டொப்பில் இருந்த வைஃபையை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். கிறேஸக்காவின் மகனைக் கட்டாரில் பிடித்து, ரவுட்டருக்குள் இருந்த அலைவரிசையை மாற்றச் சொன்னேன். பகலில் எல்லாமே சரி. இருட்டினதும் போய்விடும். ஒருநாள் இரண்டு வசனம் பேசலாம், ஒருநாள் ஐந்து வசனம். பிலிப்பு அண்ணையை முதலிலேயே கதிரையில் இருத்தி வைத்தால், அன்றைக்குப் பார்த்து ஜூலியட் கூப்பிடுவதற்கு முன்னாலேயே வைஃபை செத்துவிடும்.

எனக்கு வந்த விசரில் லப்டொப்பைக் கடலில் வீசியிருப்பேன். பிலிப்பு அண்ணை மட்டும் ஒருநாளும் சலிக்கவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் சவரம், சட்டை, துவாய். கறுத்துப்போன திரைக்கு முன்னால் கைகளைத் தொடையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்த பிள்ளை மாதிரி இருப்பார். என்னைப் பார்ப்பார். நான் எதையாவது அமத்துவேன். கத்தரினக்கா அவருக்குப் பின்னால் நின்று, "வரும், வரும், இப்ப வந்திடும்" என்பார். அதுவும் பொய்தான்.

இந்தியக் கரையில் இது எப்படித் தெரிந்திருக்கும் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் அம்மா வருகிறார். அப்பா வருகிறார் என்கிறார். அப்பா வரவேண்டிய அந்த நேரம் பார்த்து லைன் அறுகிறது.

ஒரு பின்னேரம் வழக்கம்போல அறுந்தது. கொஞ்ச நேரத்தில் என் போனுக்கு ஜூலியட்டின் அழைப்பு வந்தது, குரல் மட்டும். கத்தரினக்கா வாங்கிச் சத்தமாகப் போட்டு மேசையில் வைத்தார். பிலிப்பு அண்ணை கதிரையில் இருக்கிறார்.

"அம்மா, அவருதானே நிறுத்துறாரு?"

"இல்லைப் பிள்ளை, வைஃபை..."

"தினமும் அவரு வர்ற நேரத்துல மட்டும் வைஃபை போகுமா? நீங்க அவரக் கெஞ்சிக் கூட்டிட்டு வர்றீங்க, அவரு ஆஃப் பண்ணிட்டுப் போயிடுறாரு. எனக்குத் தெரியாதா அவர? விடுங்கம்மா. பிடிக்கலைன்னா விடுங்க. குழந்தைய வச்சுக்கிட்டு தினமும் அசிங்கப்பட முடியல. இனிமே நான் கூப்பிடமாட்டேன்."

பிலிப்பு அண்ணை எழும்பப் பார்த்தார். வாயைத் திறந்தார். குழாயால் காற்றுத்தான் வந்தது. என் போனைப் பார்த்துக் கையை ஆட்டினார், போனுக்குக் கை தெரியுமா? அவருக்குத் தெரிந்த ஒரே வழியில், உள்ளங்கையால் மேசையில் அடித்தார். ஓங்கி அடித்தார். திரும்பத் திரும்ப அடித்தார். லப்டொப் துள்ளியது.

"கேட்டீங்களா?" என்றாள் ஜூலியட். அவளுடைய குரல் சின்னப்பிள்ளையின் குரலாகிவிட்டது. "மேசையில அடிக்கிறாரு. இன்னும் அதே கோபம்." வைத்துவிட்டாள்.

அவர் அதற்குப் பிறகும் அடித்துக்கொண்டிருந்தார். கத்தரினக்கா அந்தக் கையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டார். நான் வெளியே வந்துவிட்டேன். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

பிறகு ஜூலியட் கூப்பிடவில்லை. நாங்கள் கூப்பிட்டால் சுபாஸ்கரன்தான் எடுப்பான். "பேசமாட்டேங்குறா மாமி. நானும் சொல்லிப் பாத்திட்டன்" என்பான். நான் அவனுக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினேன். வைஃபை ஏன் போகிறது என்று அவன் கேட்டான். காரணம் சொல்லத் தெரியாதவளை எவன் நம்புவான்? பிலிப்பு அண்ணை பின்னேரங்களில் கதிரையில் இருப்பதை விடவில்லை. ஒருநாள் விடியப்புறம் மூச்சு நின்றுவிட்டது.

மற்றநாள் அடக்கம். சுபாஸ்கரன் காலையிலேயே எனக்குக் கூப்பிட்டான். "அக்கா, இவ பாக்கணும்ங்குறா. இண்டைக்கு நான் வேலைக்குப் போகேல்ல." லப்டொப்பைக் கொண்டுபோய்ச் சவப்பெட்டியின் கால்மாட்டில் ஒரு ஸ்ரூலில் வைத்தேன். பகல்தானே, படம் நல்ல தெளிவு. ஜூலியட் அழாமல் இருந்தாள். தலையில் சீலைத்தலைப்பைப் போட்டுக்கொண்டு, யாரோ ஒருவருடைய அடக்கத்தைப் பார்க்கிறவள் மாதிரி இருந்தாள். அவள் இருந்த கோணத்தில் தகப்பனுடைய கால்களும் மெழுகுதிரிகளும்தான் தெரிந்திருக்கும். சனம் குறையட்டும், பிறகு தலைமாட்டுக்குக் கொண்டுபோவோம் என்று இருந்தேன்.

பங்குச் சுவாமி வந்து செபத்தைத் தொடங்க, லைன் அறுந்தது.

என் பொறுமையும் அறுந்தது. செத்தவீடு, சனம், சுவாமி ஒன்றையும் பார்க்கவில்லை. தகரம் கழற்றின இடத்தால் பாய்ந்து கிறேஸக்கா வீட்டுக்கு ஓடினேன். செத்தவீட்டுக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு, கறுப்புச் சீலை கட்டிக்கொண்டு, அவர் அப்போதுதான் கதவைப் பூட்டுகிறார்.

"திறவுங்கோ அக்கா, ரவுட்டரைப் பாக்கோணும்."

ரவுட்டர் செத்துப்போய்க் கிடந்தது. ஒரு விளக்கும் இல்லை. அதன் வயர் போன வழியே போய்ப் பார்த்தேன். ரிவியின் வயரும் அதன் வயரும் ஒரே பலகையில் குத்தியிருந்தன. அந்தப் பலகைக்குச் சுவரில் ஒரு சுவிச். அது நூர்ந்து, அணைந்து கிடந்தது.

"இதை ஆர் நூத்தது?"

"நான்தான். ரிவிச் சுவிச்செல்லோ அது? செபம் சொல்லேக்க இந்தக் குஞ்சுகுருமான் வந்து ரிவியைப் போட்டுடுங்கள். செத்த ஆக்களுக்கு மரியாதை இல்லை. மாமி செத்த நாளில இருந்து செபத்துக்கு முன்னம் நூத்துப்போட்டு, விடியத்தான் போடுவன்." கொஞ்சம் பெருமையாகவும் சொன்னார். "இண்டைக்குப் பிலிப்பருக்கும் செய்யோணும்தானே."

அந்த மனுஷி சொன்னது முழு உண்மை. பெட்டியில் அவர் கை வைக்கவே இல்லை. கிழவியின் ஆத்துமாவுக்காக ஊரே முழங்காலில் நின்ற அந்த அறையில்தான், அவர்களுக்குப் பின்னால், அது ஒவ்வொரு பின்னேரமும் செத்துக் கிடந்திருக்கிறது. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். சுவிச்சைப் போட்டேன். பச்சை விளக்கு வரும்வரை நின்று பார்த்துவிட்டு, கிறேஸக்காவுக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமல் திரும்பி ஓடினேன். கத்தரினக்காவின் காதில் மட்டும் சொன்னேன்.

அவர் என்னை விழித்துப் பார்த்தார். அதற்குள் ஜூலியட்டின் முகம் திரும்ப வந்துவிட்டது.

"செத்தும் கட் பண்ணுறாரா அம்மா?" என்று கேட்டாள். சுவாமிக்கும் கேட்டது. செபம் நின்றுவிட்டது.

கத்தரினக்கா ஸ்ரூலுக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

"அவர் இல்லைப் பிள்ளை. கிறேஸ் வீட்டு ரிவிச் சுவிச்சு. செபத்துக்கெண்டு அவ நூக்கிறவ. ஒவ்வொரு நாளும் அதுதான் நடந்தது. அப்பா உனக்காகக் கதிரையில இருந்தவர் பிள்ளை. ஒவ்வொரு நாளும் இருந்தவர்."

"அம்மா." ஜூலியட் கோபப்படவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள். "போதும்மா. ஒன்பது வருஷமா இதத்தான் சொல்றீங்க. இன்னைக்கு ஒரு நாளாவது விட்டுடுங்க. அவருக்கு என்னப் பிடிக்கல, அத நான் தாங்கிக்கிட்டேன். உங்க பொய்யத்தான் தாங்க முடியல."

"நான் சொல்லுறன் தங்கச்சி, நான் கண்ணால கண்டனான்" என்று குறுக்கே விழுந்தேன்.

"நீங்களும் எங்கம்மாவுக்கு ரொம்ப வேண்டியவங்கதானேக்கா?"

கத்தரினக்காவின் முகத்தை அப்போது நான் பார்த்தேன். வாழ்க்கை முழுக்க அவர் சொன்ன பொய் எல்லாம் விலைபோனது. உண்மை ஒன்று சொன்னார், அதை வாங்க ஆள் இல்லை. சவப்பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, ஆண்டவரே" என்று மட்டும் சொன்னார்.

கிறேஸக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சனத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவருக்கு லப்டொப்பில் எந்த இடத்தைப் பார்த்துப் பேசுவது என்று தெரியாது, திரையைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"பிள்ளை, நான் கிறேஸ். நான்தான் நூத்தனான். எனக்குத் தெரியாது பிள்ளை. பெட்டிக்கும் சுவிச்சுக்கும் தொடுப்பு எண்டு எனக்குத் தெரியாது. மரியாதைக்கெண்டு நூத்தனான். என்ர கையை முறிக்கோணும்." தலையில் அடித்துக்கொண்டார். "உன்ர கொப்பர் உன்னைப் பாக்க இருந்தவர். நான் வேலிக்கு மேலால ஒவ்வொரு நாளும் கண்டனான்."

கிறேஸக்காவை ஜூலியட்டுக்குத் தெரியாது. தெரியாத ஒருத்தி தன்னுடைய தலையில் பழியைப் போட்டுக்கொண்டு அழுகிறாள், அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரைக்குக் கிட்ட வந்து கேட்டாள்.

"அப்போ, அன்னைக்கு மேசையில அடிச்சது?"

"வாயில்லாத மனிசன் பிள்ளை" என்றார் கத்தரினக்கா. "வேற எப்பிடி உன்னைக் கூப்பிடுவார்? நீ போனை வைக்கப்போறாய் எண்டு அடிச்சவர். வைக்காதே எண்டு அடிச்சவர். நீ வைச்ச பிறகும் அடிச்சவர்."

ஜூலியட் நம்பிவிட்டாள். நம்பாமலே இருந்திருக்கலாமோ என்று எனக்கு இன்றைக்கும் ஒரு எண்ணம் உண்டு. அதுவரை அவளுக்குத் தகப்பனில் கோபம் என்ற ஒன்றாவது பிடித்துக்கொள்ள இருந்தது. "அப்பா" என்று ஒரு சத்தம் வைத்தாள். செத்தவீட்டில் ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்த பெண்கள்கூட வாயை மூடிவிட்டார்கள். "அப்பா, நான் வச்சிட்டேனே, நான் வச்சிட்டேனே" என்று அதையே சொன்னாள். பின்னால் சுபாஸ்கரன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. வைஃபை அந்த நேரம் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. அவளுடைய ஒரு கண்ணீரைக்கூட அது விடாமல் காட்டியது.

சேமக்காலையில் ஆட்கள் காத்திருக்கிறார்கள், வெயிலும் இறங்குகிறது. சுவாமி தலையசைக்க, சவப்பெட்டியின் மூடியை இரண்டுபேர் தூக்கினார்கள்.

"பொறுங்கோ பாதர்." கத்தரினக்கா எழும்பினார். "பிள்ளை இன்னும் தகப்பன்ர முகத்தைப் பாக்கேல்லை. அவள் பாத்து முடியட்டும்."

நான் லப்டொப்பைத் தூக்கித் தலைமாட்டுக்குக் கொண்டுபோய், அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தேன். ஜூலியட் அழுகையை அடக்கிக்கொண்டு பார்த்தாள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அதைத் திரும்பவும் நிலத்தில் வைத்தார்கள்.